1955-ஐத் தேடி மூன்று நாள்: டிஸ்னிலேண்ட் பயணக் குறிப்புகள்

முதல் நாள், செவ்வாய்

இர்வைனில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. கலிஃபோர்னியா வரைக்கும் வந்துவிட்டு டிஸ்னிலேண்ட் பார்க்காமல் திரும்பினால் மதுரையில் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று தம்பியே மூன்று நாள் டிக்கெட் எடுத்துவிட்டான். எனக்கும் அவன் மகளுக்கும் மட்டும். காலையில் கொண்டுவந்து விடுவதும் ராத்திரி வந்து கூட்டிப்போவதும் அவன் பொறுப்பு. டிஸ்னிலேண்ட் இருக்கும் அனஹைம் அங்கிருந்து பக்கம்தான்.

அவன் மகளுக்குப் பத்து வயது. வீட்டில் எல்லோருக்கும் குட்டி. கிளம்புமுன்பே ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். பகல் இரண்டு மணி வரை என் பட்டியல், அதற்கப்புறம் அவள் பட்டியல். என் பட்டியல் சின்னது. 1955 ஜூலை 17, இந்த இடம் திறந்த அன்றைக்கே இருந்து இன்றும் ஓடுகிறவை மட்டும்.

“அத்தை, அதெல்லாம் ரொம்பப் பழசு.”

“அத்தையும் பழசுதான்.”

ஏன் இந்தக் கிறுக்கு என்றால், சித்திரைத் திருவிழா சமயத்தில் தமுக்கத்தில் போடும் பொருட்காட்சியைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்தவள் நான். புதுசு புதுசாக என்னென்னவோ வரும், ஒரு வருஷம் கூட்டம் அள்ளும், மறுவருஷம் காணாமல் போகும். ராட்டினம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். 70 வருஷம் தாண்டிய ஓர் இடத்தில் முதல் நாள் சாமான்களில் எது நின்றது, எது போனது என்று பார்க்க ஆசை.

வாசலில் பையைச் சோதித்தார்கள். தம்பி மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே மூடிக் கொடுத்தார் காவலர். சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை, கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது.

நுழைந்ததும் எதிரே ரயில் நிலையம். அதன் கீழே சுரங்கம் போல ஒரு வழி, அதைக் கடந்தால் மெயின் ஸ்ட்ரீட். நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் கடைத்தெரு மாதிரி கட்டியிருக்கிறார்கள். இந்த 160 ஏக்கரும் ஆரஞ்சுத் தோப்பும் அக்ரூட் தோட்டமுமாக இருந்த நிலம். 1954 ஜூலையில் வேலை தொடங்கி, ஒரே வருஷத்தில், 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் திறந்துவிட்டார் வால்ட் டிஸ்னி. அவசரம் என்றால் அப்படி ஓர் அவசரம். பணம் போட்ட ஏ.பி.சி. தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. தொகுத்து வழங்கிய மூவரில் ஒருவர் ரொனால்ட் ரீகன், பின்னாளில் அதிபர் ஆனாரே, அவரேதான்.

அன்றைக்கு நடந்த கூத்தை இங்கே வேலை பார்த்தவர்களே ‘கருப்பு ஞாயிறு’ என்றுதான் சொல்லிவந்தார்கள். அழைப்பிதழ் கொடுத்தவர்கள் மட்டும் வருவதாக ஏற்பாடு. கள்ள அழைப்பிதழ் அச்சடித்துக்கொண்டு வந்தவர்களையும் சேர்த்து 28,000 பேர் புகுந்துவிட்டார்கள். ஒருவன் மதிலில் ஏணி சாய்த்து, ஆளுக்கு 5 டாலர் வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்டானாம். வெயில் 38 டிகிரி. மதுரைக்காரிக்கு அது ஒரு வெயிலே இல்லை. ஆனால் போட்டுக் காயாத தாரில் பெண்களின் குதிகால் செருப்புகள் புதைந்தன என்று படித்தபோது எனக்கே கால் கூசியது. குழாய் வேலைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் நேரம் போய், குடிநீர்க் குழாயா கழிப்பறையா, ஏதாவது ஒன்றுதான் முடியும் என்ற நிலை. கழிப்பறை என்றார் டிஸ்னி. குடிக்க எதையாவது வாங்கிக்கொள்ளலாம், மற்றதற்கு ஜனங்கள் எங்கே போவார்கள்! சோடா விற்கத்தான் இந்த ஏற்பாடு என்று மறுநாள் திட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அவர் செய்ததுதான் சரி. மூன்று பிள்ளைகளைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போன எந்தத் தாயும் இதையே சொல்வாள்.

பட்டியலில் முதலாவது குதிரை டிராம். ஒற்றைக் குதிரை, தண்டவாளத்தில் வண்டி, கழுத்து மணி. நடந்தாலே அந்தத் தூரத்தை அதைவிடச் சீக்கிரம் கடந்துவிடலாம், ஆனாலும் ஏறினோம். குட்டி வண்டியைப் பார்க்கவே இல்லை, குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டு வந்தாள். தெருவின் காஸ் விளக்குகள் 1955-க்கும் மூத்தவை. கிழக்குக் கரை நகரங்கள் கழித்துப்போட்டவற்றைப் பழைய இரும்பு விலைக்கு எடை போட்டு வாங்கி வந்து நட்டிருக்கிறார்கள். கொடிக்கம்பத்தின் அடிப்பாகமோ, லாஸ் ஏஞ்சல்ஸில் கார் மோதிச் சாய்ந்த ஒரு விளக்குக் கம்பத்தினுடையது, 5 டாலருக்கு வாங்கியது. பழைய சாமான் கடைக்காரனின் கண் இருந்திருக்கிறது இவர்களுக்கு.

தீயணைப்பு நிலையத்தின் மாடியில் டிஸ்னிக்கென்று ஒரு சின்ன வீடு இருந்தது. அந்த ஜன்னலில் ஒரு விளக்கை இன்றும் எரியவிட்டிருக்கிறார்கள். பகலில் அது எரிவது சரியாகத் தெரியவில்லை. குட்டி தெரிகிறது என்றாள்.

அப்புறம் ரயில். நிஜ நீராவி. முதல் நாள் ஓடிய இரண்டு எஞ்சின்களும், சி.கே. ஹாலிடே, ஈ.பி. ரிப்லி, இன்னும் வேலை பார்க்கின்றன. பின்னால் வந்து சேர்ந்த மற்ற மூன்றும் எங்கெங்கோ உழைத்துவிட்டு வந்தவை, அதில் ஒன்று 1894-இல் செய்தது. மூன்றடி அகல இருப்புப் பாதை, நம் மீட்டர் கேஜைவிடக் கொஞ்சம் குறுகல். போடி ரயிலில் போன எனக்கு அந்த ஆட்டம் உடனே பிடிபட்டது. இப்போது நிலக்கரியும் இல்லை, டீசலும் இல்லை, பயோடீசல். இங்குள்ள சமையற்கூடங்களில் வடை சுட்டு, மன்னிக்கவும், உருளைக்கிழங்கு பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து அதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள்.

பூங்காவை முழுச் சுற்று சுற்றிவிட்டு இறங்கினோம். ராத்திரி தம்பியிடம் சொன்னபோது, “நியூ ஆர்லியன்ஸ் ஸ்டேஷன்ல தந்தி சத்தம் கேட்டியா அக்கா?” என்றான். பூங்கா ரயில் நிற்கிற நிலையங்களில் ஒன்று அது. கேட்கவில்லை. “என்னக்கா நீ, அப்பா இருந்திருந்தா அங்கேயே உக்காந்திருப்பாரு” என்றான்.

எங்கள் அப்பா தந்தி ஆபீஸில் இருந்தவர்.

இரண்டாம் நாள், புதன்

திறக்கும் நேரத்துக்கே போய் நின்றோம். கற்பனைக் கதைகளுக்கான பகுதியான ஃபேன்டஸிலேண்ட் போக வேண்டுமானால் அதுதான் வழி. கோட்டை வழியாக உள்ளே போனோம். படத்தில் அவ்வளவு பிரம்மாண்டமாகத் தெரிகிற கோட்டை வெறும் 77 அடி. எங்கள் மீனாட்சி அம்மன் தெற்குக் கோபுரத்தில் பாதிகூட இல்லை! மேலே போகப் போகக் கற்களைச் சின்னதாக வைத்து உயரமாகக் காட்டியிருக்கிறார்கள். அதன் முன்னால் இருக்கும் இழுவைப் பாலத்தை விழாவாக இறக்கியது இரண்டே தடவை, 1955 திறப்பன்றும், ஃபேன்டஸிலேண்டைப் புதுப்பித்த 1983-இலும்.

அந்தப் புதுப்பிப்பு என் பட்டியலுக்குக் கொஞ்சம் சங்கடம். முதல் நாள் இவையெல்லாம் கூடார முகப்பு வைத்த கொட்டகைகள். இன்று பார்ப்பது ஐரோப்பியக் கிராமம் மாதிரியான கட்டடங்கள். ராட்டினத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள், தேநீர்க் கோப்பைச் சவாரியை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். “அப்போ இது 1955 இல்லையே” என்று குட்டி வக்கீல் மாதிரி கேட்டாள். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்தால் கோயில் மாறிவிடுமா என்று கேட்டு வாயடைத்தேன்.

பீட்டர் பான்ஸ் ஃபிளைட்டுக்கு நாற்பது நிமிஷம் நின்றோம். மேலே இருக்கும் தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு போகிற சின்னக் கப்பல். கீழே ராத்திரி நேர லண்டன், குண்டூசித் தலை அளவு வண்டி விளக்குகள் நகர்கின்றன. மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. நின்ற கால் வலியைக் கணக்கில் எடுத்தாலும் நஷ்டமில்லை.

ஸ்நோ ஒயிட் சவாரியில் ஒரு வேடிக்கை. ஆரம்பத்தில் உள்ளே ஸ்நோ ஒயிட்டே கிடையாது. வண்டியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் ஸ்நோ ஒயிட் என்பது யோசனை. ஜனங்களுக்குப் புரியவில்லை, “எங்கே அந்தப் பெண்?” என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார்கள். 1983-இல் பொம்மையை வைத்துவிட்டார்கள். பீட்டர் பானுக்கும் இதே கதைதான். ரொம்பப் புத்திசாலித்தனமான யோசனைகளுக்கு இப்படித்தான் நேரும்.

மிஸ்டர் டோட் சவாரி குட்டிக்கு ரொம்பப் பிடித்தது. கண்மண் தெரியாமல் கார் ஓட்டும் தேரை நாம். போலீஸ், நீதிமன்றம், கடைசியில் ரயிலில் மோதி நேரே நரகம். நரகத்தில் உண்மையாகவே அனல் அடிக்கிறது. குழந்தைகளுக்கான சவாரியை நரகத்தில் கொண்டுபோய் முடிக்க இன்று யாராவது துணிவார்களா?

இனி குதிரை ராட்டினம். இதன் எதிரே நான் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் குட்டி இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டாள்.

டிஸ்னி தன் இரண்டு பெண்களையும் வார இறுதியில் கிரிஃபித் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். அவர்கள் ராட்டினத்தில் சுற்றுவார்கள், இவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து ஏதாவது செய்யும்படி ஓர் இடம் இல்லையே என்ற நினைப்பு அந்தப் பெஞ்சில் வந்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதனாலோ என்னவோ, ராட்டினம் விஷயத்தில் அவருக்குப் பிடிவாதம் அதிகம். கனடாவின் டொரன்டோவில், ஏரிக்கரைப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் 1922 முதல் சுற்றிக்கொண்டிருந்த, டென்ட்செல் கம்பெனி செய்த ராட்டினத்தை வாங்கினார். அதில் வேறு மிருகங்களும், உட்காரும் இருக்கைகளும் இருந்தன. எல்லாமே குதிரையாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பாய்ந்தபடி இருக்க வேண்டும் என்றார். மற்ற மிருகங்களை எடுத்துவிட்டு, வேறு இடங்களிலிருந்து குதிரைகள் வந்தன. கழற்றிய இருக்கைகள் பக்கத்திலேயே ஓடும் கேசி ஜூனியர் ரயிலுக்குப் போயின. ஒரு பொருளும் வீணில்லை. (கேசி ஜூனியர் முறைப்படி ஓடத் தொடங்கியது ஜூலை 31. டம்போ யானை ஆகஸ்டில் வந்தது. இரண்டும் என் கணக்கில் சேராது. குட்டி கணக்கில் சேர்ந்தன.)

மரத்தில் செதுக்கிய குதிரைகள். 1975-இல் எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிட்டார்கள், எல்லாக் குழந்தைகளும் வெள்ளைக் குதிரையையே கேட்டார்களாம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே அச்சு. கிட்டப் போனால்தான் ஒவ்வொன்றின் பிடரி மயிரும் ஒவ்வொரு தினுசில் பறப்பது தெரிகிறது. ஒன்று வாயைத் திறந்து பல் தெரியக் கனைக்கிறது, இன்னொன்று தலையைக் கழுத்தோடு ஒடுக்கிக்கொண்டு ஓடுகிறது. அமெரிக்க ராட்டினக் குதிரைக்கு வலது பக்கம்தான் அலங்காரப் பக்கம். வேடிக்கை பார்ப்பவர்கள் நிற்கும் பக்கம் அதுதானே. சேணத்துக் கற்கள், குஞ்சம், பூ எல்லாம் அங்கே. உள்பக்கம் வேலை சிக்கனம். கோயில் வாகனம் செய்கிற ஆசாரி இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

நானும் ஏறினேன். புடவையை ஒதுக்கிக்கொண்டு ஒருக்களித்துத்தான் உட்கார முடிந்தது. குதிரை மேலே போகும்போது பித்தளைக் கம்பி கைக்குள் லேசாக வழுக்குகிறது.

தேநீர்க் கோப்பையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 18 கோப்பைகள், ஒரு பெரிய தட்டின் மேல் மூன்று சின்னத் தட்டுகள், நடுவில் நாமே திருகும் சக்கரம். குட்டி திருகினாள். அதற்கப்புறம் அரை மணி நேரம் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

கால்வாய்ப் படகுகளும் முதல் நாள் சாமான்தான். ஆனால் அன்று கரையில் செடி வைக்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. வெறும் மண்மேடு. முளைத்திருந்த களைச்செடிகளுக்கு லத்தீன் பெயர்ப் பலகை நட்டுவிடச் சொன்னார் டிஸ்னி. அபூர்வத் தாவரம் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்! அடுத்த வருஷம்தான் கரையெல்லாம் கதைப் புத்தகச் சின்ன வீடுகள் வந்தன. நான் அந்த லத்தீன் பலகைகளைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு ஒப்பந்தப்படி என்னை ஒப்படைத்தேன். குட்டியின் பட்டியலைப் பற்றி எழுதச் சத்தில்லை.

மூன்றாம் நாள், வியாழன்

அட்வென்ச்சர்லேண்டில் ஒரு ஈச்சமரம் நிற்கிறது. கேனரித் தீவு வகை, பருத்த அடிமரம். கூட்டம் அதைக் கவனிக்காமல் கடந்து போகிறது. இந்த நிலத்தை விற்ற குடும்பங்களில் டொமிங்கஸ் குடும்பமும் ஒன்று. 1896-இல் கல்யாணப் பரிசாக வந்து அவர்கள் நட்டு வளர்த்த மரம் இது. இதை மட்டும் வெட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். 15 டன் மரத்தை வேரோடு பெயர்த்து இந்த இடத்தில் நட்டார்கள். அந்த வீட்டில் பிறந்த ரான் டொமிங்கஸ் திறப்பு நாளன்று வாசலில் டிக்கெட் வாங்கும் வேலையில் சேர்ந்து, பின்னாளில் நிர்வாகத்தின் மேல்தட்டு வரைக்கும் போனார். நான் தேடிவந்த 1955-இல் இதுவும் சேர்த்தி என்று வைத்துக்கொண்டேன்.

பக்கத்திலேயே ஜங்கிள் குரூஸ், காட்டுக்குள் போகும் படகுச் சவாரி. நிஜ மிருகங்களை விட வேண்டும் என்றுதான் டிஸ்னிக்கு ஆசை. பகலெல்லாம் அவை தூங்கும், ஒளிந்துகொள்ளும் என்று நிபுணர்கள் சொன்னதால் பொம்மைகள் வந்தன. தோட்டக்காரர் பில் எவன்ஸ், வெட்டிய ஆரஞ்சு மரங்களைத் தலைகீழாக நட்டு, வேரைக் கிளையாகக் காட்டிக் காடு பண்ணிவிட்டார். இன்று அது உண்மையாகவே காடு.

முதலில் ஓட்டுநர்கள் இதை ஆவணப்படம் மாதிரி கறாராக விவரித்தார்களாம். 1960-களில்தான் கேலி புகுந்தது. இப்போது கேலி மட்டும்தான். எங்கள் படகின் பெண், அருவிக்குப் பின்னால் போகும்போது, உலக அதிசயம் காட்டுவது போல் கையை நீட்டி, “இதோ, தண்ணீரின் முதுகு!” என்றாள். பலர் அவளோடு சேர்ந்தே சொன்னார்கள். பழகிய பாட்டுப் போல.

இடிந்த கோயில் ஒன்று வந்தது. கொடி படர்ந்த கற்கள், புலி, நாகப்பாம்பு. நடுவே நம் பிள்ளையார். கலிஃபோர்னியாவில், சாயம் கலந்த தண்ணீரில், தண்டவாளத்தில் போகும் படகில் உட்கார்ந்துகொண்டு நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கை தானாகப் போய்விட்டது. முன்னால் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு, அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி போல என்று தானும் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள்.

மார்க் ட்வைன் நீராவிக் கப்பலின் மேல்தளத்தில் புளியோதரையைத் திறக்கலாம் என்று நினைத்தேன், குட்டி வெட்கப்பட்டாள். கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஏறினோம். 105 அடி நீளம், பின்னால் சிவப்புத் துடுப்புச் சக்கரம், உள்ளே நிஜக் கொதிகலன். இது ஓடுகிற செயற்கை ஆற்றில் முதன்முதலில் தண்ணீர் விட்டபோது மொத்தத்தையும் மணல் குடித்துவிட்டது. களிமண் பூசித்தான் நிறுத்தினார்கள். கண்மாய் தூர்வாரும் ஊர்க்காரர்களைக் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார்கள். திறப்பன்று அளவுக்கு மீறி ஆளேறித் தளத்தின் மேல் தண்ணீர் வந்ததாம். இன்று நாற்காலிகள் பாதி காலி. மூன்று நாளில் காற்று வாங்க உட்கார்ந்த ஒரே இடம் இதுதான். இதற்கே வரிசை இல்லாதது எனக்கு ஆச்சரியம்.

மிச்சம் டுமாரோலேண்ட். அதாவது நாளைய உலகம். 1955-இல் அவர்கள் இங்கே கட்டிக் காட்டியது 1986-ஆம் ஆண்டை! நான் பத்தாவது எழுதிய வருஷம். எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் அப்போது போன் இருந்தது.

பணம் தீர்ந்துபோய்க் கடைசியாகக் கட்டிய பகுதி இது. இடத்தை நிரப்ப நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். ரசாயனத்துக்கு ஒரு கூடம், அலுமினியத்துக்கு ஒரு கூடம். நிலவுக்குப் போகும் ராக்கெட் சவாரி ஐந்து நாள் தாமதமாக வந்தது. ஒன்றும் இல்லை இப்போது. நேற்றையதாகக் கட்டிய ரயில், கப்பல், ராட்டினம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாளையதாகக் கட்டியதில் தப்பியது ஒன்றே ஒன்று, ஆட்டோபியா என்ற கார் சவாரி. அதன் அருகே போனதும் மூக்கில் ஏறியது பெட்ரோல் வாடை. டவுன்ஹால் ரோடு மெக்கானிக் பட்டறை வாடை. மின்சாரத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்திருக்கிறார்கள், நல்லதுதான்.

1955-இல் பாதையின் நடுவே தடுப்புக் கம்பி இல்லை. அமெரிக்கா எங்கும் நெடுஞ்சாலைகள் வரப்போகின்றன, குழந்தைகள் ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தார்கள். குழந்தைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டார்கள். சில நாளிலேயே முக்கால்வாசி கார் பட்டறைக்குப் போனது. பத்து வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கம்பி போட்டார்கள்.

குட்டி ஓட்டினாள். நான் பக்கத்தில். அவள் ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் கம்பி எங்களைப் பிடித்து இழுத்துத் ‘தடக்’ என்று நேராக்கியது. இறங்கியதும், “மூணு நாள்ல இதுதான் அத்தை பெஸ்ட்” என்றாள். என் பட்டியலில் ஒன்று அவள் பட்டியலுக்குத் தாவியது.

மணி இரண்டாகியிருந்தது. “தந்தி கேட்கணும்னு சொன்னீங்களே” என்று அவளே ஞாபகப்படுத்தினாள். ரயில் ஏறி, நியூ ஆர்லியன்ஸ் நிலையத்தில் இறங்கி, வண்டி போகும் வரை நின்றோம். புகை கலைந்ததும் சத்தம் தெளிவாக வந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கச் சின்ன அறையிலிருந்து டக், டக்டக், டக். திறப்பு நாளில் டிஸ்னி பேசிய வரவேற்பின் முதல் வரிகள். பழைய அமெரிக்க ரயில்வே தந்திக் குறியீட்டில் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறது. யாரும் நின்று கேட்கவில்லை.

“தாத்தாவுக்கு இது புரிஞ்சிருக்குமா?”

“பாதி புரிஞ்சிருக்கும். நம்ம ஊர்ல அடிச்சது வேற குறியீடு. 26 எழுத்துல 11 எழுத்து மாறும்.”

“என் எழுத்து?”

கே. அது இரண்டிலும் ஒன்றுதான், அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். நீளம், குட்டை, நீளம். காலி புளியோதரை டப்பாவைப் பையிலிருந்து எடுத்து அவள் மூடியில் தட்டிப் பார்த்தாள். கடைசி நீளத்தைக் குட்டையாக அடித்துவிட்டாள். “திருப்பி அடி” என்றேன். அடுத்த ரயில் வரும் வரை அடித்துக்கொண்டிருந்தாள்.